அணுகல்தன்மை எழுதும் கருவியிலேயே தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வங்கிச் செயலியில் கணக்குத் தொடங்க முடியவில்லை, அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகள் எழுதும் கடிதங்களைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருவதற்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த பிறகு அத்தகைய குரல்கள் கூடுதல் வலுப் பெற்றுள்ளன. அவை நியாயமானவை. ஆயினும் அவை பெரும்பாலும் செய்து முடிக்கப்பட்ட பொருளைப் பற்றியே பேசுகின்றன. இந்த இணையதளம் சரியில்லை, அந்தப் படிவம் சரியில்லை, இந்த பிடிஎஃப் வாசிக்கவில்லை என்கிறோம். அந்தத் தளமும் படிவமும் பிடிஎஃப்பும் எந்த மென்பொருளில் உருவாயினவோ அந்த மென்பொருளை யாரும் விசாரிப்பதில்லை. குறை பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான் என்பதை நாள்தோறும் காண்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. கணினியில் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய அந்த இலவச மென்பொருள் இல்லாவிட்டால், பாடக்குறிப்பு எழுதவும் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கவும் நான் பிறர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் திரைவாசிப்பான் தானாக எதையும் கண்டறிந்து சொல்லும் வல்லமை உடையதன்று. திரையிலுள்ள மென்பொருள் தன்னைப் பற்றி எதைத் தெரிவிக்கிறதோ அதையே அது குரலாக்குகிறது. ஒரு பொத்தானுக்குப் பெயர் கொடுக்கப்பட்டிருந்தால் 'சேமி, பொத்தான்' என்று சொல்லும். பெயர் கொடுக்கப்படவில்லை என்றால் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். அப்படிப் பெயரற்ற பொத்தான்கள் முப்பது ஒரே திரையில் இருந்தால், எது சேமிப்பது, எது அழிப்பது என்று அறிய வழியே இல்லை.

உருவாக்கக் கருவி என்று இங்கே நான் குறிப்பிடுவது, பிறர் படிக்கவோ பார்க்கவோ கேட்கவோ வேண்டிய ஒன்றை மின்வடிவில் செய்வதற்கு உதவும் மென்பொருள் எல்லாவற்றையும். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள், டிடிபி மையத்தில் பக்கம் கட்டும் மென்பொருள், இணையதளத்தில் செய்தி ஏற்றும் மென்பொருள், வினாடி வினாப் படிவம் தயாரிக்கும் தளம், காணொளியை வெட்டி ஒட்டும் செயலி, ஆசிரியர்கள் மின்பாடம் அமைக்கும் தளம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றின்மேல் இரண்டு கோரிக்கைகளை வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளி ஒருவர் இக்கருவியைக் கொண்டு பிறர் துணையின்றி ஒன்றை உருவாக்க முடிய வேண்டும் என்பது முதலாவது. இக்கருவியைக் கொண்டு யார் எதை உருவாக்கினாலும் அது மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படும் வடிவில் வெளிவர வேண்டும் என்பது இரண்டாவது. இது என் கற்பனையில் உதித்த பாகுபாடு அன்று. வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய கூட்டமைப்பான டபிள்யூ3சி, உருவாக்கக் கருவிகளுக்கான அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நிலை) வழிகாட்டியை 2000 பிப்ரவரியிலேயே வெளியிட்டது. 2015 செப்டம்பரில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, 'அ' பகுதி, 'ஆ' பகுதி என்று சரியாக இந்த இரண்டு கோரிக்கைகளின் மேல்தான் அமைந்துள்ளது. இணையதளங்களுக்கான வழிகாட்டியை நம் அலுவலகங்களில் சிலராவது கேள்விப்பட்டிருக்கின்றனர். அதன் உடன்பிறப்பான இந்த வழிகாட்டியின் பெயரைக்கூட நான் பேசிய அலுவலர்கள் எவரும் அறிந்திருக்கவில்லை.

முதல் கோரிக்கைக்கு என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியர்களுக்கு மின்பாடம் தயாரிக்கும் பயிற்சி ஒன்று நடந்தது. சொற்களையும் படங்களையும் கட்டங்களில் இழுத்து வைத்துப் பாடத்தை அமைக்க வேண்டும். இழுத்து வைப்பதற்கு மவுஸைத் தவிர வேறு வழி அந்த மென்பொருளில் இல்லை. விசைப்பலகையில் எந்த விசையை அழுத்தினாலும் கட்டம் அசையவில்லை. புறநானூற்றுப் பாடல் ஒன்றுக்கு நான் எழுதி வைத்திருந்த விளக்கம் முழுவதையும் பக்கத்தில் இருந்த சக ஆசிரியை, நான் சொல்லச் சொல்லத் தம் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொறுமையாக ஏற்றிக் கொடுத்தார். அன்று மாலை வரை அவருடைய சொந்தப் பாடம் பாதியில் நின்றது. இரண்டு வாரங்கள் கழித்து என் பாடத்தில் ஒரு பிழை இருப்பதை மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். ஒற்றுப்பிழை, ஒரே ஓர் எழுத்து. அதைத் திருத்துவதற்கும் நான் அந்த ஆசிரியைக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. பாடம் என்னுடையது; அதில் ஓர் எழுத்தைத் தொடும் உரிமை என்னிடம் இல்லை. இதில் பயிற்சி நடத்தியவர்களின் மனத்தில் தீய எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதை நான் அறிவேன். மென்பொருளைத் தேர்ந்தெடுத்த நாளில், இதைப் பார்வையற்ற ஆசிரியரும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளைப் படிப்பவர்களாகவும் பெறுபவர்களாகவும் மட்டுமே கருதும் வழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் வலை உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கும் திருத்தி எழுதுவதற்கும் ஒரே மென்பொருளாக இருந்தது. பின்னர் பரவலான உலாவிகள் படிப்பதற்கு மட்டும் என்றாகி, எழுதும் வேலை வேறு மென்பொருள்களுக்குப் போயிற்று. அணுகல்தன்மை பற்றிய பேச்சும் படிக்கும் பக்கத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் நம் சட்டம் மாற்றுத்திறனாளியை வேலை செய்பவராகவும் பார்க்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. 20ஆம் பிரிவு, அவர்கள் பணியாற்றுவதற்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தரவேண்டும் என்கிறது. ஆசிரியர், உதவியாளர், மொழிபெயர்ப்பாளர் என எந்தப் பணியில் சேர்ந்தாலும் இன்றைக்கு அந்தப் பணியின் பெரும்பகுதி ஏதோ ஒரு மென்பொருளில் எதையாவது உருவாக்குவதுதான். பணி நியமன ஆணையைக் கொடுத்துவிட்டு, அப்பணியைச் செய்ய முடியாத மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த இடஒதுக்கீடு காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

வழிகாட்டியின் 'அ' பகுதி கேட்பவை பெரிய அற்புதங்கள் அல்ல. மவுஸால் செய்யக்கூடியதை விசைப்பலகையாலும் செய்ய முடிய வேண்டும். தவறு நேர்ந்தால் மீட்டெடுக்க வழி இருக்க வேண்டும். நீண்ட ஆவணத்தில் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிச் செல்ல முடிய வேண்டும். இவற்றோடு இரண்டு நுட்பமான கோரிக்கைகளும் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் உண்மையிலேயே மாற்றுத்திறனாளிகளுடன் அமர்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதை அவை காட்டுகின்றன. பிழையான சொல்லின் கீழே மென்பொருள் சிவப்பு நெளிகோடு போடுகிறதல்லவா, அந்தக் கோட்டின் பொருளைத் திரைவாசிப்பானுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. பார்வையுள்ளவர் பிழையைக் கண்டு திருத்துகிறார். பார்வையற்றவர் அதே பிழையுடன் ஆவணத்தை அனுப்பிவிட்டு, எழுத்தறிவில் குறைந்தவர் என்ற பெயரை வாங்குகிறார். தமிழாசிரியை என்ற முறையில் இந்த வேதனையை நான் நேரில் அறிவேன். மற்றொன்று, எழுதுபவர் தம் வசதிக்காகத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியோ, கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக மாற்றியோ வைத்துக்கொண்டால், அந்த மாற்றம் அவர் உருவாக்கும் ஆவணத்தில் ஏறிவிடக் கூடாது என்பது. குறைபார்வை உடைய ஓவியரோ எழுத்தரோ இந்த ஒரு வசதி இல்லாததால் படும் பாட்டைப் பிறர் எளிதில் ஊகிக்க மாட்டார்கள்.

இனி இரண்டாம் கோரிக்கை. இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எனக்கு வரும் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் கணிசமான அளவில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்திருந்தால், என் திரைவாசிப்பானிடம் எழுத்தெழுத்தாகக் கேட்கும்போது அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சொல்கிறது. ஒரு குழந்தை முதலில் கற்கும் சொல்லே எனக்கு இவ்வாறு வந்து சேர்கிறது என்றால், நான்கு பக்க வினாத்தாளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதத்தில், செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கத்தைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன்பின் 15 ஆண்டுகள் ஓடிவிட்டன. பழைய எழுத்துருவில் எழுதும்போது, 'இது தரமான குறியாக்கம் அன்று, யூனிகோடுக்கு மாற்றட்டுமா' என்று மென்பொருளே கேட்டிருந்தால், ஆணையை நினைவூட்டும் வேலையை ஒவ்வொரு மேசையிலும் மென்பொருளே செய்திருக்கும். இதை வழிகாட்டி, எழுதுபவருக்குத் தவறைக் கண்டறியவும் திருத்தவும் துணைநிற்பது என்று வகைப்படுத்துகிறது.

யூனிகோடில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 'கொடி' என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதும்போது ஒற்றைக்கொம்பை முதலில் போட்டு, ககரத்தை அடுத்து எழுதி, துணைக்காலை இறுதியில் இடுகிறோம். ஆனால் ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே வருகிறது. யூனிகோடும் அந்த ஒலி ஒழுங்கிலேயே எழுத்துகளைச் சேமிக்கிறது. சில மென்பொருள்கள் பிடிஎஃப்பாக மாற்றும்போது, ஒலி ஒழுங்கை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வடிவங்களின் வரிசையை மட்டும் பதிவு செய்கின்றன. அப்போது கொம்பு தனியாகவும் ககரம் தனியாகவும் கால் தனியாகவும் சிதறி, திரைவாசிப்பான் தடுமாறுகிறது. 'ெ', 'ே', 'ை' வரும் சொற்கள் எல்லாம் உடைகின்றன. இவை வராத தமிழ் வாக்கியம் ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. ஒரு வடிவக் கூட்டத்துக்கு உரிய உண்மையான எழுத்துத் தொடர் இது என்று பிடிஎஃப்பிலேயே குறித்து வைக்க வசதி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டியது மென்பொருளை எழுதுபவரின் கடமை. தட்டச்சு செய்பவரால் அதில் எதுவும் செய்ய இயலாது.

இவ்வாறே மொழிக் குறிப்பும். ஆவணம் முழுவதும் தமிழில் இருக்க, அதன் மொழி ஆங்கிலம் என்று மென்பொருள் தானாகவே குறித்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். மொழிக் குறிப்பை நம்பிக் குரலைத் தேர்ந்தெடுக்கும் திரைவாசிப்பான், தமிழை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. தமிழில் தட்டச்சு செய்யப்படுவதை மென்பொருளால் அறிய முடியும். அறிந்து, மொழியைச் சரியாகக் குறிப்பதில் என்ன தடை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வடிவம் மாற்றும்போது அணுகல்தன்மை சார்ந்த தகவல்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பது இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான விதி என்று நான் கருதுகிறேன். ஓர் அலுவலர் வேர்டில் தலைப்புகளைத் தலைப்பாகவே அமைத்து, அட்டவணைக்கு முதல் வரிசையைச் சரியாகக் குறித்து, படங்களுக்கு விளக்கம் எழுதி, மிகுந்த அக்கறையுடன் ஆவணம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 'பிடிஎஃப்பாகச் சேமி' என்ற வழியில் உரிய அமைப்புகளுடன் சேமித்தால் அந்தக் குறிப்புகள் பிடிஎஃப்புக்குள்ளும் செல்லும். 'அச்சிடு' என்பதை அழுத்தி, அச்சுப்பொறிக்குப் பதிலாக பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்தால் அவை அழிந்துபோகும். இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. அவருடைய அரைநாள் உழைப்பு ஒரே அழுத்தத்தில் மறைந்ததை அவரிடம் எந்த மென்பொருளும் சொல்வதில்லை. அணுகத்தக்க பிடிஎஃப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 14289 என்ற பன்னாட்டுத் தரம் 2012 முதல் இருக்கிறது. அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தில், அரசின் மின்னணுப் பொருள்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்னும் 508ஆம் பிரிவுக்கான திருத்தப்பட்ட தரநிலை 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும் உருவாக்கக் கருவிகள் அத்தரத்தில் ஏற்றுமதி செய்ய வல்லவையாக இருக்க வேண்டும் என்றும், ஆவண மாதிரிகளான வார்ப்புருக்கள் அணுகத்தக்கவையாகக் கிடைக்க வேண்டும் என்றும், எழுதுபவருக்குக் கருவியே நினைவூட்ட வேண்டும் என்றும் தனித்தனியே விதித்தது. காணொளிக்கும் இதே விதிதான். காது கேளாதவர்களுக்காக ஒருவர் பொறுமையாக எழுதிச் சேர்த்த வசன வரிகளை, கோப்பின் அளவைச் சுருக்கும் மென்பொருள் ஓசையின்றி உதறிவிடுகிறது.

படங்களுக்கு வருவோம். இணையதளத்தில் படம் ஏற்றும்போது அதற்கு விளக்கம் எழுதும் பெட்டி, பல மென்பொருள்களில் இரண்டு மூன்று அடுக்குகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விளக்கம் எழுதாவிட்டால் சில மென்பொருள்கள் கோப்பின் பெயரையே விளக்கமாக வைத்துவிடுகின்றன; ஓர் ஊரின் வெள்ளச் சேதத்தைக் காட்டும் படம் எனக்கு 'ஐ.எம்.ஜி. 2047' என்று கேட்கிறது. கோப்பின் பெயரை விளக்கமாக்கக் கூடாது என்று வழிகாட்டி வெளிப்படையாகவே தடுக்கிறது. அணுகல்தன்மைக்கான வசதிகள் மென்பொருளை நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், தேடிப்பிடித்து இயக்கும் நிலையில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2015 நவம்பரில் வெளிவந்த, இணையதளம் அமைக்கும் மென்பொருளான ட்ரூபல் 8 இதைச் செய்து காட்டியது: படம் ஏற்றுவதற்கான அதன் அமைப்பில் விளக்கம் எழுதுவது இயல்பாகவே கட்டாயமாக இருந்தது, வேண்டாம் என்பவர் தாமாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிர்த்திசைக்கு ஒரு சான்று, அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் தன் 5.0 பதிப்பில் கொண்டுவந்த, பக்கங்களை எழுதித் திருத்தும் குட்டன்பர்க் என்னும் புதிய தொகுப்பான். அது வெளிவருவதற்கு முன்பே அணுகல்தன்மைக் குழுவை வழிநடத்தியவர் மனம் நொந்து பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் அமைப்பு ஒன்று தானே முன்வந்து தணிக்கை செய்வித்து, 2019இல் குறைகளை வெளியிட்டது. அதற்குப் பின் பல திருத்தங்கள் வந்தன. எனினும், கோடிக்கணக்கானோர் எழுதுவதற்கு நம்பியிருக்கும் ஒரு கருவியில், உருவாக்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டியதை வெளியிட்ட பின்னர் கேட்டதன் விலையைப் பார்வையற்ற எழுத்தாளர்கள் கொடுத்தனர்.

கருவியை விட்டுவிட்டுப் பக்கங்களைத் திருத்துவது எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கு, அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பின் ஆய்வு சான்றாகிறது. அது ஆண்டுதோறும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. குறைகள் கண்டறியப்பட்ட பக்கங்கள் 2019இல் 97.8 விழுக்காடு, 2025இல் 94.8 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் மூன்றே விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயரில்லாத உள்ளீட்டுப் பெட்டி, வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான் என்று ஆண்டுதோறும் அதே குறைகளே முன்னணியில் நிற்கின்றன. இவற்றில் எதையும் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. எழுதும்போதே மென்பொருள் சுட்டிக்காட்டியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2010 பதிப்பிலேயே அணுகல்தன்மையைச் சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. நம் அலுவலகங்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை. எழுத்துப்பிழையைப் போலத் தானாகவே கண்முன் நிற்காத ஒன்றைத் தேடிச் செல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்க, இதையும் அவர்கள்மேல் சுமத்துவதா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்விதான். என் கோரிக்கையே அந்தச் சுமையைக் குறைப்பதற்கானது. இன்றைய நிலையில், அணுகத்தக்க ஆவணம் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினால், அதை எப்படிச் செய்வது என்று அறியாத எழுத்தர்மேல்தான் பழி விழுகிறது. சரியான தலைப்பு நிலைகள், போதிய நிறவேறுபாடு, தமிழ் மொழிக் குறிப்பு ஆகியவை முன்கூட்டியே அமைந்த வார்ப்புரு அவர் முன் திறந்தால், அவர் வழக்கம்போல் எழுதுவதே போதுமானதாகிவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு படங்களுக்குத் தானே விளக்கம் எழுதித் தருகிறது, அது உதவிதான். ஆனால் தமிழில் அது தரும் விளக்கத்தை எழுதுபவர் படித்துச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே ஆவணத்தில் ஏற்ற வேண்டும் என்று கருவியில் ஏற்பாடு இருக்க வேண்டும். தவறான விளக்கத்தைத் தவறு என்று அறிய எனக்கு வேறு வழி இல்லை.

மென்பொருள்கள் வெளிநாட்டில் தயாராகின்றன, நாம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் உண்டு. வாங்குபவர் நாமல்லவா? ஐரோப்பிய நாடுகள் இதைக் கொள்முதல் வழியாகத்தான் சாதித்தன. 2014இல் வந்த ஐரோப்பியத் தரமான ஈ.என். 301 549, பொதுப்பணத்தில் வாங்கப்படும் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்காக எழுதப்பட்டது. அதன் 11ஆம் அத்தியாயத்தில் உருவாக்கக் கருவிகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அத்தரத்தைத் தழுவி இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரத்தை 2021, 2022ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. 2023இல் அது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளிலும் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்விதிகளின் 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடுவதால் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை 3 மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2005இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. சட்டத்தின் 42ஆம் பிரிவோ, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அனைத்தும் என்று சட்டம் சொல்லும்போது, அந்த அனைத்தையும் உருவாக்கும் கருவியைத் தவிர்த்துவிட்டு அதை நிறைவேற்றுவது எப்படி? கட்டாய விதிகளை வகுப்பவர்கள் இணையதளத்தோடும் செயலியோடும் நின்றுவிடாமல், உருவாக்கக் கருவிகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளிக் கல்வித் துறையோ, பல்கலைக்கழகமோ, மாநகராட்சியோ அடுத்த முறை மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது சில வரிகளைச் சேர்த்தால் போதும். இந்த மென்பொருளின் எல்லா வேலைகளையும் விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். முடியும் என்று எழுதிக் கொடுப்பதோடு விட்டுவிடாமல், அதே துறையில் பணிபுரியும் பார்வையற்ற ஊழியர் ஒருவரை அமர்த்தி, ஒரு தமிழ்ப் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு நாள் போதும் அதற்கு. அவர் உருவாக்கிய கோப்பை பிடிஎஃப்பாகவும் இணையப் பக்கமாகவும் மாற்றி, தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா, தலைப்புகளும் படவிளக்கங்களும் தப்பிப் பிழைத்தனவா என்று இன்னொருவர் திரைவாசிப்பானில் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டறியப்பட்ட குறைகளை எத்தனை நாளில் திருத்தித் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். திருத்தும் வரை முழுத்தொகையையும் வழங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கிய மென்பொருள்களுக்கு, புதுப்பிக்கும் காலம் வரும்போது இவற்றைக் கேட்கலாம். இதற்குக் கூடுதல் செலவு ஆகும் என்பார்கள். முடிந்த ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பின்னர் திருத்துவதற்கும், எனக்காக என் பக்கத்தில் அமர்ந்த சக ஊழியரின் நாள்களுக்கும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் அலுவலகத்தில் செய்திகளை இணையத்தில் ஏற்றும் மென்பொருளில், படத்துக்கு விளக்கம் எழுதும் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டறிய வேண்டுகிறேன். தங்கள் மின்னிதழின் பக்கங்கள் படங்களாக வெளியாகின்றனவா, எழுத்துகளாக வெளியாகின்றனவா என்பதையும் பக்கம் அமைக்கும் தோழர்களிடம் கேட்க வேண்டுகிறேன். பார்வையற்ற இளைஞர் ஒருவர் தங்கள் அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தால், அந்த மென்பொருளில் அவரால் ஒரு செய்தியைத் தாமே ஏற்ற முடியுமா என்பதையும் தாங்கள் சோதித்துப் பார்த்து, கண்டதைத் தங்கள் இதழிலேயே எழுதினால், அதைப் படிக்கும் பிற நிறுவனங்களும் தத்தம் கருவிகளைத் திறந்து பார்க்க முன்வருவார்கள்.

இக்கடிதத்தை நானே யூனிகோடில் தட்டச்சு செய்து, மொழியைத் தமிழ் என்று குறித்து அனுப்பியிருக்கிறேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் என் அனுபவங்களை நீக்கிவிடலாம். ஒப்பந்தப்புள்ளி பற்றிய பத்தியை மட்டும் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.